ஆளுக்கு அறுபது சதுர அடி

1986 நவம்பர் 10, திங்கட்கிழமை. இரவெல்லாம் பெய்த மழை விடியும்போது விட்டிருந்தது. மூட்டம் மட்டும் லயத்தை, தோட்டத்து வரிசை வீடுகளை, விட்டுப் போகவில்லை. அம்மா எழுந்து அடுப்பை மூட்டினாள். அப்பா இரண்டு வாளிகளோடு மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்துவந்தார். நான் என் இரண்டு தம்பிகளை எழுப்பி முகம் கழுவ வைத்தேன். ரொட்டி, சம்பல், வெறும் தேத்தண்ணி. வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுச் சங்கு ஊதியதும் அப்பா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு முன்னால் போனார். அம்மா கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு பின்னால் போனாள். நான் புத்தகப் பையை எடுத்தேன். எங்கள் அறையைப் பிரித்த பலகைக்கு அந்தப் பக்கம், சித்தப்பா வீட்டில், ஆறு மாதக் கைக்குழந்தை இருமிக்கொண்டிருந்தான். அந்த இருமலும் அப்போது எங்கள் காலை வழக்கத்தில் ஒன்றாகிவிட்டிருந்தது.

என் வயதுக்காரர்கள், பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து இப்போது பதுளையிலோ கொழும்பிலோ தனி வீட்டில் இருப்பவர்கள், லயத்துக் காம்பரா எப்படியிருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியவர்கள் அல்லர். ஆனால் அளவைச் சொல்லாமல் எதையும் எழுத எனக்கு வராது. எங்கள் காம்பரா, அதாவது குடும்பத்துக்கென்று தோட்டம் கொடுத்த ஒற்றை அறை, அகலம் பத்தடி, வாசலிலிருந்து பின்சுவர்வரை நீளம் பன்னிரண்டடி. எங்களுடையது முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். அதனால் கூரையின் முகடு பின்சுவருக்கு நேர் மேலே இருந்தது. அங்கே தகரம் பன்னிரண்டடி உயரம். அங்கிருந்து சரிந்து சரிந்து வாசல் சுவருக்கு வரும்போது ஆறடி. வாசலுக்கு வெளியே ஒரு படி இறங்கினால் இஸ்தோப்பு என்கிற சின்னத் தாழ்வாரம், அதில் அடுப்பு. ஜன்னல் இல்லை. முகட்டில் இருபக்கத் தகரமும் சந்திக்கிற இடத்தில் கை நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. இஸ்தோப்பு அடுப்பின் புகை வாசல் வழியாக உள்ளே வரும், சாய்ந்த தகரத்தைத் தடவிக்கொண்டே மேலேறும், அந்த இடைவெளியால் வெளியே போகும். அதை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. புகை போனது, அவ்வளவுதான்.

அந்தக் குழந்தை பிறக்கும் முன்பே அந்த அறையில் இரண்டு குடும்பம். அப்பா, அம்மா, நான், தம்பிகள் இருவர். சித்தப்பா, சித்தி, அவர்கள் மகள். சித்தப்பாவுக்கு வேறு காம்பரா கொடுப்பதாகத் தோட்டத்தில் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா மகளும் நானும் சில மாத இடைவெளியில் பிறந்தவர்கள். ஒரே வகுப்பு, உட்கார ஒரே வாங்கு, ஒரே குடை.

அந்த வருடம் தொடங்கிச் சில வாரங்களில் கணக்கு சேர் ஒரு வீட்டுவேலை கொடுத்தார். அவர் ஹாலிஎலயிலிருந்து பஸ்ஸில் வருபவர். நல்ல மனிதர், ஆனால் லயத்துக்குள் ஒருநாளும் வந்ததில்லை. உங்கள் வீட்டின் தரைப்படத்தை வரையுங்கள், பொருள்கள் இருக்கும் இடத்தைக் குறியுங்கள், பரப்பளவைக் காணுங்கள் என்றார். நாங்கள் இருவரும் வரைந்தோம். மறுநாள் சேர் எங்கள் கொப்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"யார் யாரப் பார்த்து எழுதினது?"

"யாருமில்ல சேர்," என்றேன்.

"அப்ப எப்படி ரெண்டும் ஒரே மாதிரி?"

பின்வாங்கிலிருந்து ஒருவன் கத்தினான். "லயத்துல எல்லா வீடும் ஒரே அளவுதான் சேர்!"

"அளவு ஒண்ணா இருக்கட்டும்டா. டிரங்குப் பெட்டியுமா ஒரே மூலையில இருக்கும்? சாமி படமுமா ஒரே சுவத்துல தொங்கும்?"

சித்தப்பா மகள் எழுந்து நின்றாள். அவளுக்குப் பயம் குறைவு. "அது ஒரே பெட்டிதான் சேர். அதுக்குள்ள அவங்க துணியும் இருக்கு, எங்க துணியும் இருக்கு."

வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் அதே கதைதான். சேரும் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்கு வருந்தியவர்போல, "சரி, சரி. அப்படின்னா ஆளுக்குப் பாதி எழுதணும். அதுதான் சரியான விடை," என்று இரண்டு கொப்பியிலும் நூற்றிருபதைச் சிவப்பு மையால் அடித்து அறுபது என்று எழுதினார். விடையைத் திருத்துகிறோம் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

அன்று மாலை அவள் அதைத் தன் அப்பாவிடம் காட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். "சேர் எங்களுக்குப் பாதின்னு எழுதியிருக்கார்ப்பா." சித்தப்பா கொப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "பாதியா," என்றார். அதுவரை அந்த அறையில் பாதி என்று ஒன்று இருந்ததில்லை.

பிரிவினைக்கு வேறு காரணமும் இருந்தது. ஒரே அடுப்பு, இரண்டு பெண்கள், இருவருக்கும் ஒரே பெரட்டு. பிந்திப் போனால் கணக்கப்பிள்ளை பெயர் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார். சித்தி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஈர விறகு பிடிக்காமல் பிந்திப்போய்த் திரும்பி வந்தவள் இஸ்தோப்பில் கூடையைப் போட்டாள்.

"காஞ்ச வெறகையெல்லாம் அக்கா மொதல்லயே எரிச்சிட்டா, எனக்குப் பச்ச வெறகுதானே மிஞ்சும்?"

"நீ விடிஞ்சப்புறம் எந்திரிச்சா வெறகு என்ன, தணல்கூட மிஞ்சாது," என்றாள் அம்மா.

அதோடு அடுப்பைப் பிரிப்பது என்று முடிவாயிற்று. அடுப்புப் பிரிந்தால் தரையும் பிரிய வேண்டும். ஏப்ரல் விடுமுறையில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், தேயிலை ஸ்டோர் என்கிற தொழிற்சாலையிலிருந்து அளவு நாடா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். லயமே இஸ்தோப்பில் கூடி நின்றது. அவர் வாசலிலிருந்து ஆறடி அளந்து, தரையில் குறுக்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டார். மறுபக்கம் அளந்தார். அங்கேயும் ஆறடி. "ஆளுக்கு அறுபது சதுர அடி. ஒரு விரல்கூடக் கூடக்கொறைய இல்ல. ஆண்டவர் சாட்சி," என்றார்.

யாருக்கு முன்பக்கம், யாருக்குப் பின்பக்கம்? எல்லோர் கண்ணிலும் முன்பக்கம்தான் உசத்தி. வாசல் அங்கே, வெளிச்சம் அங்கே, இஸ்தோப்பு அடுப்பு அங்கே. பின்பக்கம் பகலிலும் விளக்கு வேண்டும். தலைவர் சீட்டுப் போடலாம் என்றார். அப்பா கையை உயர்த்தினார்.

"சீட்டெல்லாம் வேணாங்க. தம்பியே முன்பக்கம் எடுத்துக்கட்டும். புள்ளத்தாச்சி இருக்கா. நாங்க உள்ள இருந்துக்கிறோம்."

"மூத்தவன்னா இப்படி இருக்கணும்," என்றார் தலைவர். வெளியே நின்றவர்கள் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். அப்பாவின் வாழ்க்கையில் அத்தனை பேர் முன்னால் அவரைப் புகழ்ந்த நாள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவர் கூரையைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை.

சுவருக்குப் பலகை, சித்தப்பா வேலை செய்த ஸ்டோரிலிருந்து வந்தது. உடைந்து ஒதுக்கிய தேயிலைப் பெட்டிகள். அந்தப் பெட்டிகளை இப்போது எங்கும் காண முடியாது. தேயிலை காகிதப் பைக்கு மாறிவிட்டது. மெல்லிய ஒட்டுப்பலகை, விளிம்பில் தகரப் பட்டை, உள்ளே மினுங்கும் ஈயத்தாள், பிரித்த பிறகும் மாதக்கணக்கில் போகாத தேயிலைத் தூள் மணம். விடுமுறைக்கு முன்புதான் சேர் அப்படியொரு பெட்டியை வகுப்புக்குக் கொண்டுவந்து, ஆணிகளைக் கழற்றி ஆறு முகங்களையும் தரையில் விரித்துக் காட்டி, மேற்பரப்பளவு என்றால் இதுதான் என்றிருந்தார். பெட்டியாக இருக்கும்போது இவ்வளவு பலகை இருக்கிறதென்று தெரியாது, விரித்தால்தான் தெரியும்.

எத்தனை பெட்டி வேண்டும் என்று சித்தப்பா எங்களிடம்தான் கேட்டார். நானும் அவர் மகளும் இஸ்தோப்பில் குந்தி, கரித்துண்டால் தரையில் கணக்குப் போட்டோம். சுவர் பத்தடி அகலம்; நடுவில் தகரத்தின் உயரம் ஒன்பதடி; தொண்ணூறு சதுர அடி. நாங்கள் எல்லாரும் வந்துபோக ஓரமாக ஒரு கதவு வேண்டும், அதுவும் அதே பலகைதான். ஒரு பெட்டி நீளம் இரண்டடி, அகலமும் உயரமும் ஒன்றரையடி. விரித்தால் பதினாறரை சதுர அடி. ஆறு பெட்டி எடுத்தால் தொண்ணூற்றொன்பது, மிச்சம்கூட வரும். எங்களைப் பிரிக்கப்போகிற சுவர் அது என்பது கணக்குப் போட்டபோது எங்களுக்கு உறைக்கவில்லை. விடை சரியாக வந்ததில் இருவரும் கையைத் தட்டிக்கொண்டோம்.

ஆறு பெட்டி போதவில்லை. ஒரு பலகையின் ஓரத்தை இன்னொன்றின் மேல் ஏற்றித்தான் ஆணி அடிக்க முடியும் என்பது எங்களுக்குத் தெரியாது. வெடித்த ஓரங்களை வெட்டி எறிய வேண்டும் என்பதும் தெரியாது. பலகை ஏழடி உயரத்தில் தீர்ந்துவிட்டது. மேலே இரண்டடி திறந்தே கிடந்தது. "பரவால்ல, காத்து வரட்டும்," என்றார் சித்தப்பா. எங்கள் தவறான கணக்கு அந்த இரண்டடியை அப்படித் திறந்து வைத்தது. நாங்கள் பின்சுவரோரம் வைத்த புது அடுப்பின் புகை நேரே முகட்டுக்கு ஏறியது. இஸ்தோப்புப் புகை வழக்கம்போல அந்த இரண்டடி வழியாக எங்கள் பக்கம் வந்து முகட்டுக்குப் போனது.

மே மாதம் குழந்தை பிறந்தான். கூரைக் குறுக்குமரத்தில் சித்தியின் பழைய சேலையைத் தொட்டிலாகக் கட்டினார்கள். தரை ஈரம், எலி வேறு. அதனால் சித்தி தொட்டிலை உயர்த்தி, தன் நெஞ்சளவுக்குக் கட்டினாள். நின்றபடியே ஆட்டலாம். கோவிலில் ஞானஸ்நானம் கொடுத்த அன்று இரண்டு அடுப்பிலும் சமைத்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். அந்த மாதங்கள் மோசமில்லை. குழந்தை கொழுகொழுவென்றிருந்தான். இரவு செபமாலையை மட்டும் இரண்டு குடும்பமும் தனித்தனியாகச் சொன்னோம். இருதய ஆண்டவர் படம் எங்கள் பக்கச் சுவரில் இருந்தது. சித்தி அதற்காக எங்கள் பக்கம் வர விரும்பவில்லை. நாங்கள் மூன்றாம் பத்துமணியில் இருக்கும்போது அவர்கள் இரண்டாவதில் இருப்பார்கள். இரண்டு குரலும் பலகைக்கு மேலே மோதிக்கொள்ளும். தம்பிகளுக்குச் சிரிப்பு வரும், அம்மா தொடையில் கிள்ளுவாள்.

மேலே திறந்திருந்த இடத்தால் செபம் மட்டும் வரவில்லை. செப்டம்பரில் ஒருநாள் சித்தி தன் கணவனிடம் சொன்னது முழுதாக வந்தது.

"விட்டுக் குடுத்தாராம், விட்டு! எல்லாரும் பார்க்க நல்ல பேரு வாங்கிட்டாரு உங்க அண்ணன். நம்ம பக்கம் வழி விட்டிருக்கமே, அதுல இவங்க நாள் பூரா நடக்குறாங்களே, அதுக்கு என்ன பேரு?"

அப்பாவின் கையில் இருந்த சோற்று உருண்டை அப்படியே நின்றது. அம்மாதான் எழுந்து, பலகைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னாள். "நாளைக்கே மேல வரைக்கும் அடிங்க. அங்க முணுமுணுத்தா இங்க காதுல விழுது. இல்ல, நான் எங்கம்மா லயத்துக்குப் போறேன்."

சித்தப்பா மறுநாளே இன்னும் இரண்டு பெட்டி கொண்டுவந்தார். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்று ஆணி அடித்தார்கள். தகரத்தோடு பொருந்தாத இடங்களில் அம்மா சாக்குத் துண்டைத் திணித்தாள். அதன் பிறகு அவர்கள் பேச்சு எங்களுக்குக் கேட்கவில்லை. எல்லோருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒக்டோபரில் மழை பிடித்தது. காற்று பள்ளத்திலிருந்து நேராக இஸ்தோப்பில் ஏறும். அதனால் சித்தப்பா இஸ்தோப்பைச் சுற்றிச் சாக்கு கட்டி அடைத்தார். குழந்தைக்கு இருமல் வந்தது, பிறகு இழுப்பு. நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வரும், தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம். தோட்டத்து மருந்துக்காரர் ஐயா சிவப்புத் தண்ணீர் மருந்து கொடுத்தார். தலை முழுகிய ஈரத்தோடு சித்தி பால் கொடுத்ததுதான் காரணம் என்றாள் அம்மா. கண்ணூறு என்றார்கள் லயத்தில். மலைப்பனி என்றார் தலைவர். பதுளை பெரியாஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்தார்கள். அங்கே குழந்தை சிரித்து விளையாடினான். திரும்பிக் கொண்டுவந்த மறுநாளே இழுப்புத் தொடங்கியது. "ஆஸ்பத்திரியில நல்லாத்தானே இருந்தான், நான் என்ன செஞ்சேன்," என்று சித்தி பீலியடியில் நின்று அழுதாள். இன்னொரு முறை இப்படி வந்தால் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். சேர் அன்று அரியம் என்கிற பட்டகத்தின் கனவளவு படிப்பித்தார். கரும்பலகையில் ஒரு சரிவகத்தை வரைந்தார். ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் தாழ்வு, மேலே சாய்கோடு. "இரண்டு உயரத்தையும் கூட்டிப் பாதியாக்கு, அடியால பெருக்கு, பிறகு அகலத்தால பெருக்கு." எனக்கு அந்தப் படம் உடனே பழகிய படமாகத் தெரிந்தது. எங்கள் காம்பராவைப் பக்கவாட்டில் வெட்டினால் அதுதான்.

சேர் கொடுத்த கணக்கை விட்டுவிட்டு அதைப் போட்டேன். முன்பக்கம்: ஆறும் ஒன்பதும் பதினைந்து, பாதி ஏழரை, அதை ஆறாலும் பத்தாலும் பெருக்க நானூற்று ஐம்பது கன அடி. பின்பக்கம்: ஒன்பதும் பன்னிரண்டும் இருபத்தொன்று, பாதி பத்தரை, அறுநூற்று முப்பது. பிழை என்று நினைத்து மறுபடி போட்டேன். இரண்டையும் கூட்டினேன், ஆயிரத்து எண்பது. முழு அறையையும் தனியாகப் போட்டுப் பார்த்தேன், அதுவும் ஆயிரத்து எண்பது. தரை சமம், அறை சமமில்லை. விட்டுக்கொடுத்த எங்களுக்குத்தான் கூட.

வீட்டுக்குப் போகும் வழியில் சித்தப்பா மகளிடம் சொன்னேன். பலகை மேல்வரை அடித்ததிலிருந்து அவள் என்னோடு அளந்துதான் பேசுவாள்.

"அப்ப உங்களுக்குத்தான் லாபம்," என்றாள்.

"லாபமில்லடி. காத்துதான்."

"காத்தத் தின்னவா முடியும்? போடி." ஆனால் அவள் நடையை நிறுத்தி, கொஞ்சம் யோசித்து, "எங்க பக்கம் மூச்சு முட்டுதுதான்," என்றாள்.

மாலையில் அப்பா வந்து சட்டையை அடுப்பருகில் காயப் போட்டதும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடிக்கும்போது முகம் மாறியிருந்தது. கணக்கு அவருக்குப் புரியாமல் இல்லை. ஏப்ரலில் கிடைத்த நல்ல பெயரை மகள் திருப்பிக் கேட்கிற மாதிரி இருந்திருக்க வேண்டும்.

"நாம தரையிலதானே படுக்குறோம். ஆகாயத்துலயா படுக்குறோம்? மேல இருக்குறது யாருக்கு என்னத்துக்கு?"

"வாயை மூடிக்கிட்டுப் படி," என்றாள் அம்மா. "அந்தப் பக்கம் கேட்டுச்சுன்னா இதுக்கொரு பஞ்சாயத்து."

அவள் சொல்லி முடிக்கவில்லை, அந்தப் பக்கமிருந்து சித்தி கத்தினாள். "அக்கா! அக்கா, புள்ள கறுக்குறான்!"

செப்டம்பருக்குப் பிறகு சித்தி அம்மாவை அக்கா என்று கூப்பிட்டது அப்போதுதான். அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள், நானும் பின்னால். முன்பக்கம் வழியாக நடந்துபோகும்போது நாங்கள் எப்போதும் குனிந்து, விறுவிறுவென்று வெளியே போய்விடுவோம். அந்தப் பக்கம் நின்றதில்லை. அம்மா தொட்டிலண்டை நிமிர்ந்து நின்றாள். உடனே இருமினாள். அவள் தலை எனக்குத் தெரியவில்லை. நெஞ்சுக்கு மேலே சாம்பல் நிறத்தில் புகை ஒரு தட்டுப்போல அசையாமல் நின்றது. கீழே, நானும் சித்தப்பா மகளும் குனிந்து நின்ற உயரத்தில், விளக்கு வெளிச்சம் தெளிவாக இருந்தது. புகைத் தட்டின் அடிப்பக்கம் சேலைத் தொட்டிலை முக்கால்வாசி விழுங்கியிருந்தது.

"இதுக்குள்ளயா புள்ளயப் போட்டிருக்க?" என்றாள் அம்மா.

"எதுக்குள்ள?" சித்தி தரையில் குந்தி மருந்துப் போத்தலைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அடுப்புக்கு இஸ்தோப்பில் குந்துவாள், உள்ளே வந்தால் தரையில் உட்காருவாள். நிற்பது தொட்டிலை ஆட்டும்போது மட்டும். அப்போது கண் எரிவது அடுப்புப் பெண்களுக்குப் புதிதில்லை.

அம்மா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு படியிறங்கி, சாக்கைக் கிழித்துத் தள்ளி வெளியே போனாள். பக்கத்துக் காம்பராக்காரி ஓடிவந்து, "பனியில கொண்டு போறியே, புள்ளயக் கொல்லப் போறியா," என்று தடுத்தாள். அம்மா நகரவில்லை. குழந்தையின் உதட்டில் நீலம் இருந்தது. ஸ்டோருக்கு ஆள் ஓடியது. சித்தப்பா தோட்ட லொறியோடு வந்தார். சித்தி முன் இருக்கையில் குழந்தையோடு ஏறினாள். லொறி வளைவில் திரும்பும்வரை அதன் விளக்கு மூட்டத்தில் தெரிந்தது.

அப்பா அதன் பிறகு முன்பக்கத்துக்குள் போனார். நிமிர்ந்து நின்றார், இருமினார். குந்தினார். மறுபடி எழுந்தார். "உக்காந்தா ஒண்ணுமில்ல," என்றார் தனக்குத்தானே. பிறகு நிமிர்ந்து, தகரமும் எங்கள் பலகையும் சேர்கிற இடத்தைப் பார்த்தார். அம்மா திணித்த சாக்குத் துண்டுகள் கரி பிடித்துக் கறுத்திருந்தன. என் கணக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது நானூற்று ஐம்பது என்றுதான் சொல்லியிருக்கும். புகை எந்த உயரத்தில் நிற்கும் என்பதும் தொட்டில் எந்த உயரத்தில் தொங்கும் என்பதும் அதில் இல்லை.

அந்தக் குழந்தை பிழைத்தான். இன்று பசறையில் லொறி ஓட்டுகிறான். சட்டைப் பையில் இழுப்புக்கான பம்ப் எப்போதும் இருக்கும். அந்த இழுப்பு எங்கள் பலகையால் வந்ததா, வர இருந்ததைப் பலகை பெரிதாக்கியதா என்று எந்த மருத்துவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அப்பா சாகும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை. தம்பிக்கு முன்பக்கத்தை விட்டுக்கொடுத்தவர் என்று அவரை யாராவது புகழ்ந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். இதெல்லாம் பிறகு தெரிந்தவை. அன்றிரவு ஆஸ்பத்திரியிலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. சித்தப்பா மகள் எங்கள் பக்கம் வந்து என் பாயில் படுத்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, அம்மா முகம் கழுவுவதற்கு முன், எங்கள் அடுப்பை மூட்டுவதற்கு முன், உரலைப் பலகையோரம் உருட்டிவந்து, கவிழ்த்து, மேலே ஏறினாள். கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி.

"தம்பி வரட்டும். பேசிக்கிட்டுச் செய்வோம்," என்றார் அப்பா.

"பேசினதக் கேக்கக் கூடாதுன்னுதானே இத அடிச்சோம்," என்றாள் அவள்.

கத்தியின் முதுகை இடுக்கில் விட்டு நெம்பினாள். மேல்வரிசைப் பலகை ஒவ்வொன்றாக ஈயத்தாளோடு கிழிந்து விழுந்தது. அப்பா உரல் அசையாமல் பிடித்துக்கொண்டார். கடைசிச் சாக்குத் துண்டையும் பிடுங்கிய பிறகு அம்மா இறங்கி, இஸ்தோப்புக்குப் போய், சித்தியின் அடுப்பில் வேண்டுமென்றே பச்சை விறகை வைத்து மூட்டினாள். புகை வாசலால் நுழைந்தது. தகரத்தில் ஏறி, பலகைக்கு மேலே வந்து, எங்கள் பக்கம் கவிந்தது. கொஞ்சம் முகட்டுக்குப் போனது, மிச்சம் எங்கள்மேல் இறங்கியது. தம்பிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்கள். அப்பா இருமினார்.

அம்மா முன்பக்கம் போய்த் தொட்டிலண்டை நிமிர்ந்து நின்றாள். அந்த வெறும் தொட்டிலை இரு கையாலும் விரித்து, முகத்தை உள்ளே விட்டு, ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். இருமல் வரவில்லை. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு குறுக்குமரத்து முடிச்சை அவிழ்த்து, தொட்டிலைத் தன் முழங்கால் அளவுக்கு இறக்கி, திரும்பக் கட்டினாள்.